சத்தம் நின்றால் ஓடுகிறவர்கள்

நாளைக்கு எனக்கு டியூட்டி. அலமாரியின் அடித்தட்டில் மடித்துப் போட்டிருந்த சீருடையை இஸ்திரி போட உருவியபோது, அடையாள அட்டையின் கழுத்துப் பட்டையும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. கலகலவென்று ஒரு சத்தம். நீ கோத்துவிட்டுப் போன ஊக்குகள். ஒன்றின் வளையத்தில் இன்னொன்றாகத் தொங்குகின்றன, ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. பட்டையை முகர்ந்து பார்த்தேன். துப்பாக்கி துடைக்கிற திரவத்தின் மண்ணெண்ணெய் போன்ற வாடை இன்னும் போகவில்லை. தொட்டிலில் கிடந்தவன் அந்தச் சத்தத்துக்கு லேசாகப் புரண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழவில்லை.

என் மகனை நீ பார்க்கவில்லை. வயிற்றில் இருந்தபோது தொட்டுப் பார்த்திருக்கிறாய். "இவன் உதைக்கிற உதையில ஹெல்மெட் போட்டுத்தான் பிறப்பான்" என்றாய். இப்போது குப்புற விழுகிறான், விழுந்தபின் திரும்பத் தெரியாமல் கத்துகிறான். எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் சரியில்லாமல் இருந்தது. அவன் என்னிடம் குடிப்பான், புட்டியில் குடிக்க மாட்டான். பிரசவ விடுப்பு முடிந்தது, அதற்கு மேல் கெஞ்சி வாங்கிய சம்பளமில்லாத விடுப்பும் முடிந்தது. மேனேஜர் போனில், "இனிமேல் மாஃபி, விடுப்பு கிடையாது. வருகிறாயா, வேறு ஆள் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அவன் புட்டியைப் பிடித்தால் நான் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குத் திரும்பலாம். பிடிக்காவிட்டால் அந்த வேலை போனதுதான். சில வாரங்களாக என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை.

அது எப்படி முடிந்தது என்பதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாலாவது லேன் ரைபிளைத் தொடாமல் அதைச் சொல்ல முடியாது. உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்.

இங்கே அமீரகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கம்பெனி வேனில் நீ சன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். ஓட்டுநர் புதுக்கோட்டைக்காரர், பேச்சு நிற்காது. கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, சிலோன்காரங்களுக்குத் துப்பாக்கின்னா தண்ணி பட்ட பாடாமே? அதான் ரேஞ்சுல வேலை குடுத்திருக்காய்ங்க போல" என்றார். எனக்கு உடம்பு கூசியது. நீ வன்னியில் வளர்ந்தவள் என்று அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். நீ கோபப்படவில்லை.

"ஓம் அண்ணை. அங்க சத்தம் கேட்டா ஓடுவம். இஞ்ச சத்தம் நிண்டா ஓடுறம். ஓட்டம் மட்டும் மாறேல்லை."

அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினார். மறுநாளிலிருந்து உனக்கு மட்டும் ஏசி காற்று நேராக வருகிற முன் இருக்கை.

நீ சொன்னது விளையாட்டுக்குச் சொன்னது மாதிரி இருந்தாலும், நம் வேலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அரைத் தானியங்கி ரைபிளில் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு தோட்டா வெடிக்கும். அந்த வேகத்திலேயே உள்ளே இருக்கிற போல்ட் என்ற இரும்புத் துண்டு பின்னால் ஓடி, வெடித்து முடிந்த காலிக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து அடுத்த தோட்டாவை ஏந்திக்கொண்டு மூடும். பின்னால், முன்னால், பின்னால், முன்னால். சுடுகிறவர் எதுவும் செய்ய வேண்டாம். அது நடக்கிறவரை, சுடுகிறவர் நிற்கிற லேனிலிருந்து ஒரு தாளம் வந்துகொண்டே இருக்கும். தாளம் நின்றால் ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம். கஸ்டமர் பதறிப்போய், துப்பாக்கியை நம் பக்கம் திருப்பி "மேடம், இது வேலை செய்யலை" என்று காட்டுவதற்குள் நாம் அங்கே போய் நிற்க வேண்டும். அதனால்தான் அந்த ஓட்டம். காதில் மூடி இருந்தாலும் நீ நின்றுபோன சத்தத்தைக் கேட்பாய். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் உன் கை அவர்கள் தோளில் இருக்கும். "முன்னாலயே பிடியுங்கோ மேடம், குழாய் முன்னால பாக்கட்டும்" என்பாய், அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து. புரிந்துகொள்வார்கள்.

என்னை "நீர்" என்பாய். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏன்டி, ராஜா வேஷம் போட்டவங்க மாதிரி நீர் வாரும் போம்ங்கிற?" என்று கேட்டேன். "உம்மை டி போட்டுக் கூப்பிட எனக்கு இன்னும் தைரியம் வரேல்லை, அதான்" என்றாய். கடைசிவரை அந்தத் தைரியம் உனக்கு வரவில்லை. நான் முதல் நாளே "டி" போட்டுவிட்டேன், மதுரைக்காரி.

வாரத்தில் ஒருநாள் பெண்களுக்கென்று ரேஞ்சை ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு லேன் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள்; நீயும் நானும்தான். அந்த நாள் ஆரம்பித்ததால்தான் எனக்கு அங்கே வேலையே கிடைத்தது. அதில் வாராவாரம் தவறாமல் வந்தார் அந்த எமிராத்தி அம்மா. நாலு பிள்ளை பெற்றவர். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக வருவார். கறுப்பு அபாயா அங்கி, கண்ணில் சிரிப்பு, கையில் நமக்கும் சேர்த்து ஒரு டப்பா பேரீச்சம்பழம். இடது கண்தான் அவருக்குக் கூர்மை, அதனால் இடது தோளில் வைத்துச் சுடுவார். நீ அவருக்கு வைத்த பெயர் இடக்கை மேடம்.

கிளப்புக்குள் பெண்களுக்கு ஒரு போட்டி வரவிருந்தது. அரைத் தானியங்கிப் பிரிவில் அவர் பெயர் கொடுத்திருந்தார். அப்போதுதான் நாலாவது லேன் ரைபிள் அவர் கையில் மட்டும் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. ரெண்டு குண்டு ஓடும், மூன்றாவதில் நின்றுவிடும். போய்ப் பார்த்தால் காலிக் கூடு வெளியே போகாமல் வாசலில் நட்டுக்க நிற்கும், போல்ட் அதன் கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். சில சமயம் கூடு போய்விடும், ஆனால் போல்ட் முழுசாகப் பின்னால் வராமல் பாதியிலேயே திரும்பி அடுத்த தோட்டாவை எடுக்காமல் மூடிக்கொள்ளும். அவர் விசையை அழுத்துவார், வெறும் 'டிக்'. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சிவந்துபோகும். "என் கைதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். இல்லை என்போம். எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிற கான் பாய்க்கு அதில் சந்தேகமே இல்லை. ரேஞ்ச் காலியானதும் அவரே வந்து ஒரு மேகசின் தோட்டா முழுவதையும் கடகடவென்று சுட்டுத் தீர்த்துவிட்டு, ரைபிளை என் கையில் கொடுத்தார். "கன் டீக் ஹை, பேட்டி. மேடம் கா ஹாத் கம்ஸோர் ஹை." துப்பாக்கியில் ஒன்றுமில்லை, மேடத்தின் கைதான் பலவீனம். கெட்ட மனுசர் இல்லை, பேட்டி பேட்டி என்று மகளைப் போலத்தான் கூப்பிடுவார். ஆனால் அவர் சொன்னது மேனேஜர் காதுக்குப் போனது. மேனேஜர் ஒரு யோசனை சொன்னார்: பெண்கள் தினத்தில் இனி அரைத் தானியங்கியே வேண்டாம். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து மூடுகிற ரைபிளை மட்டும் கொடுப்போம். சிக்கலே வராது. காலாஸ், விஷயம் முடிந்தது.

"காலாஸாம்" என்றாய் நீ, சாப்பாட்டு அறையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "அடுத்த மாசம் அதுவும் பாரமெண்டு தண்ணித் துவக்குத் தருவினம்."

எனக்கு மெக்கானிக்கல் படிப்பு, ஆகவே அடுத்த பெண்கள் தினத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்துவிடுவது என்று கிளம்பினேன். சுத்தம் செய்தேன், ஸ்பிரிங் மாற்றினேன், மேகசின் மாற்றினேன், வேகம் கூடிய வேறு பெட்டித் தோட்டாவை எடுத்து வைத்தேன். போதாக்குறைக்கு எங்கள் வீட்டுப் பழக்கம், எது முனகினாலும் இரண்டு சொட்டு எண்ணெய். கதவா, மின்விசிறியா, தையல் மெஷினா, எண்ணெய். போல்ட் பளபளவென்று வழுக்கியது. நீ விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை என் முகத்துக்கு நேரே காட்டினாய்.

"இது என்ன?"

"எண்ணெய்."

"இஞ்சத்தைப் புழுதி இதில வந்து குந்தினா?"

நான் சன்னலைப் பார்த்தேன். வெளியே அன்றைக்குக் காற்றில் மணல் மஞ்சளாக நின்றது. எண்ணெயும் அந்த மாவு மாதிரியான புழுதியும் சேர்ந்தால் களிம்புதான். துணியை எடுத்து நீயே துடைத்தாய், பிறகு சொன்னாய். அதைத்தான் நான் இன்றைக்கும் உன் குரலிலேயே கேட்கிறேன்.

"எல்லாத்தையும் ஒண்டா மாத்தினா, எது சரிப்பண்ணினதெண்டு ஆருக்குத் தெரியும்? ஒண்டை மாத்தும். பாரும். பிறகு மற்றதை."

"அதுக்குள்ள போட்டி வந்துரும்டி."

"வந்தா வரட்டும். அவசரப்பட்டா ரெண்டு தரம் செய்யவேணும்."

இந்த மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? புட்டி விஷயத்தில் மறுபடியும் அதையேதான் செய்தேன். அஜ்மானில் உள்ள மருந்துக் கடைகளில் இருக்கிற அத்தனை வகைப் புட்டியையும் வாங்கினேன். காம்பு மாற்றினேன், பாலின் சூட்டை மாற்றினேன், கறந்து வைத்த பாலில் ஒருநாள், டப்பா மாவில் ஒருநாள், உட்கார்ந்து, நின்று, பாட்டுப் போட்டு. அவன் வாயை இறுக்கிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, முதுகை வில்லாக வளைத்து அழுவான். நான் பயந்துபோய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மார்போடு அணைத்துக்கொள்வேன். உடனே குடிப்பான். அவன் அப்பா துபாய் குசைஸில் வேலை முடித்து டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து சேரும்போது சமையலறை மேடை பூராவும் புட்டிகள் கவிழ்ந்திருக்கும். "என்ன இது, பால் பண்ணை வச்சிட்டியா?" என்பார். அப்புறம் மெதுவாக, "முடியலேன்னா விட்ரும்மா. என்ன இப்ப? நான் இருக்கேன்ல" என்பார். அன்பாகத்தான் சொல்கிறார். கான் பாயும் அன்பாகத்தான் சொன்னார்.

ஒருநாள் என் காதுக்குள் உன் குரல் வந்தது. புட்டிகளைக் கழுவி உள்ளே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் வெளியே எடுத்தேன். ஒரே புட்டி, ஒரே பால், ஒரே சூடு. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. கொடுக்கிற ஆளை மாற்றினேன். அதற்கு எங்கள் தளத்திலேயே எதிர்வீட்டில், எல்லாரும் ராத்தா என்று கூப்பிடுகிற அக்கா இருக்கிறார். கீழக்கரைக்காரர், இந்தக் கட்டிடத்துக் குழந்தைகள் பாதிப்பேர் அவர் மடியில் வளர்ந்தவர்கள். நான் வேலைக்குப் போனால் இவனையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டுக்கே வந்து மடியில் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். அவன் குடிக்கவில்லை. பிறகு உட்கார்கிற இடத்தை மாற்றினோம். பிறகு நேரத்தை மாற்றினோம். எதிலும் அசையவில்லை. ஆனால் இந்த முறை எது காரணமில்லை என்பதாவது எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. அது ஒரு தைரியம்.

நாலாவது லேனிலும் அப்படித்தான் போனோம். உனக்கு நினைவிருக்கும். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டோம். தோட்டாப் பெட்டியை மட்டும் மாற்றி அந்த அம்மாவைச் சுட வைத்தோம், நின்றது. பழைய தோட்டாவுக்கே போய் மேகசினை மட்டும் மாற்றினோம், நின்றது. அதே ரைபிளை அப்படியே வாங்கி நீ சுட்டாய், ஓடியது. நான் சுட்டேன், ஓடியது. நம் இருவருக்கும் அவரைவிடப் பலமான கை ஒன்றும் கிடையாது. எனக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். ஆகவே பலவீனம் என்கிற பேச்சு அங்கேயே தள்ளுபடியானது. ஆனால் அவர் கையில் மட்டும் ஏன்?

"நாங்க ரெண்டு பேரும் வலப்பக்கம் வச்சுச் சுட்டோம்டி" என்றேன் நான். "கான் பாயும் அப்படித்தான். அவங்க இடப்பக்கம்."

உன் புருவம் ஏறியது. அந்த ரைபிளில் போல்ட்டோடு சேர்ந்து ஓடுகிற கைப்பிடி வலது பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும். காலிக் கூடு எகிறுகிற வாசலும் அங்கேதான். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. இடது தோளில் வைத்தால் துப்பாக்கியைத் தாங்குகிற வலது கை அந்தப் பக்கம் வரும். நான் இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ஓடியது. முகம் தொங்கிப்போய்விட்டது எனக்கு. அதுவும் காரணமில்லை.

"இல்லை, பொறும், பொறும்" என்றாய். "ஒண்டு மிச்சமிருக்கு. எதெண்டு தெரியேல்லை. ஆனா இருக்கு."

அவரை வழக்கம்போல விரிப்பில் உட்கார்ந்து மறுபடி சுடச் சொல்லிவிட்டு, நீ அவருக்குப் பின்னால் வலது பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குந்திக்கொண்டாய். எல்லாரும் துப்பாக்கியைப் பார்ப்பார்கள். நீ வெளியே எகிறுகிற கூடு எங்கே போகிறது என்று பார்த்தாய். முதலாவது விரிப்பில் விழுந்தது. இரண்டாவதைக் காணோம். மூன்றாவதில் தாளம் நின்றது. துப்பாக்கியை முன்னாலேயே வைக்கச் சொல்லி, மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, உள்ளே காலி என்று காட்டினாய். அவர் இரண்டு கையையும் விட்டு எழுந்தார். எழும்போது அவருடைய அபாயாவின் அகலமான வலது கைக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் கூடு நழுவி, டிங் என்று சிமெண்டில் விழுந்து உருண்டது.

குனிந்து அதை எடுத்து, அந்தத் துணிக் கையைத் தூக்கிப் பார்த்தாய் நீ.

அந்தக் கை, பாவாடை மாதிரி அகலம். அவர் துப்பாக்கியைத் தாங்குகிறபோது துணி முழங்கையில் குவிந்து, சரியாகப் போல்ட் கைப்பிடியின் ஓரத்தில் வந்து உட்காரும். ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் ஓடுகிற போல்ட் அந்தத் துணியில் உரசும். கொஞ்சம் உரசினால் போதும், சின்னத் தோட்டாவின் வேகத்துக்கு அதுவே பெரிய தடை. பாதி தூரத்தில் போல்ட் சோர்ந்து திரும்பிவிடும். எகிறுகிற கூடும் துணியில் பட்டு உள்ளேயே திரும்பும். கான் பாய்க்கு அரைக்கைச் சட்டை. நமக்குக் கையைப் பிடித்த சீருடை. யார் சோதித்தாலும் அது நன்றாகத்தான் ஓடும், ஏனென்றால் சோதித்தவர் யாருக்கும் அந்தத் துணி இல்லை.

நீ உன் கழுத்துப் பட்டையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினாய். நம்மூர்ப் பொம்பளைகள் வளையலிலும் தாலிக் கொடியிலும் கோத்து வைத்திருப்பதை நீ அடையாள அட்டையில் வைத்திருந்தாய், அதற்காக மேனேஜரிடம் ஒரு தடவை பேச்சும் வாங்கியிருந்தாய். அந்த அம்மாவிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டு, வலது கைத் துணியை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மடித்து, சேலை மடிப்பை எடுக்கிற நறுவிசோடு மூன்று இடத்தில் குத்தினாய். "இப்ப அடியுங்கோ மேடம்."

அந்த மேகசின் முழுக்க ஓடியது. அடுத்ததும். கூடுகள் ஒரே இடத்தில் மழை மாதிரி விழுந்தன. அவர் துப்பாக்கியை ஒழுங்காகக் கீழே வைத்து, காது மூடியைக் கழற்றினார், உன்னைப் பிடித்துக் கன்னத்தில் மாற்றி மாற்றி முத்தமிட்டார். நீ வெட்கத்தில் நெளிந்தாய். போட்டியில் அவர் ஜெயிக்கவில்லை, ஆனால் ஒருமுறைகூட நிற்காமல் சுட்டு முடித்தார். கையால் இழுக்கிற ரைபிள் யோசனை மேனேஜர் மேசையிலேயே செத்தது. கான் பாய் மட்டும் ஊக்கை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யே மேரே பாஸ் நஹி தா, பேட்டி" என்று சிரித்தார். இது என்னிடம் இல்லையே என்று. அதுமுதல் பெண்கள் தினத்து மேசையில் பாதுகாப்புக் கண்ணாடிகளோடு ஒரு கிண்ணம் ஊக்கும் இருக்கிறது. இன்னும் இருக்கிறதாம். நாளைக்குப் பார்ப்பேன்.

நீ லீவில் போன அன்று, டியூட்டி முடிந்த கையோடு விமான நிலையத்துக்கு நானும் வந்தேன். என் வயிற்றில் அவன், உன் வயிற்றில் ஒரு வலி; அதை வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "ஊரில ஒருக்கா டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாறன்" என்றாய். உன் பட்டையிலிருந்த ஊக்குக் கோவையைக் கழற்றி என் பட்டையில் மாட்டினாய். "செக்கிங்கில பிடிப்பாங்கள். வைச்சிரும், வந்து வாங்கிறன்." உள்ளே போகிற கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "போட்டு வாறன்" என்று கையாட்டினாய். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலிருந்து உன் தங்கை அனுப்பிய உன் குரல் பதிவுகள் ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னதாகிக்கொண்டே வந்தன. கடைசியாக வந்தது உன் குரல் இல்லை, நீ போய்விட்டாய் என்று சொன்ன உன் தங்கையின் குரல். எனக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அஜ்மானில் இந்தச் சன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டே உன்னை அனுப்பிவைத்தேன்.

இன்றைக்கு மத்தியானம் ராத்தா மறுபடி வந்தார். நாளைக்கு டியூட்டி, இது கடைசி முயற்சி. அவர் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுப் புட்டியை நீட்டினார். நான் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் காம்பை நாக்கால் தள்ளினான், தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தான், அழுதான். நான் ஓரடி முன்னால் வந்தேன். இன்னும் பலமாக அழுதான்.

"ஏம்மா, நீ வாசல்ல போலீஸ்காரி மாதிரி நின்னா புள்ள எப்புடிக் குடிக்கும்?" என்றார் ராத்தா. "அவன் என்னயவா பாக்குறான்? உன்னயத்தானே பாக்குறான்."

சிமெண்டில் அந்தக் கூடு விழுந்த டிங் சத்தம் எனக்குள் கேட்டது. எத்தனை புட்டி, எத்தனை காம்பு, எத்தனை நேரம், எத்தனை இடம். எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொன்றிலும் மாறாமல் ஒன்று கூடவே இருந்தது. என் வாடை, என் காலடி, கதவோரம் தெரிகிற என் சேலைத் தலைப்பு. நான்தான் அந்தத் துணி. அவனுக்கும் புட்டிக்கும் நடுவில் குவிந்து கிடந்தது நான். எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும், பத்தடியில் அம்மா நிற்கும்போது அவன் ஏன் ரப்பரைக் கடிக்க வேண்டும்?

"நான் வெளிய போறேன் ராத்தா."

"போ. செருப்பைப் போட்டுக்கிட்டு நல்லாச் சத்தம் கேக்கப் போ. போயிட்டேன்னு அவனுக்குத் தெரியட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டு போனேன். லிஃப்டில் இறங்கிப் போகத்தான் நினைத்தேன். கால் படிக்கட்டுக்குத் திரும்பியது. ஒரு தளம் இறங்கி, படியில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து அவன் அழுகை சுவரில் மோதி இறங்கி வந்தது. உனக்குத் தெரியுமா, அழுகைக்கும் ஒரு தாளம் இருக்கிறது. ஏறும், இறங்கும், மூச்சு வாங்கும், மறுபடி ஏறும். கழுத்துப் பட்டையைத்தான் இன்னும் நான் அலமாரியிலிருந்து எடுத்திருக்கவில்லையே, வெறும் சேலை நுனியைத்தான் விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு மசாலா வாடை வந்தது. யாரோ தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அழுதான். அழுதான்.

சத்தம் நின்றது.

சட்டென்று நின்றது. என் உடம்பு எழுந்துவிட்டது. இத்தனை நாள் பழக்கம், தாளம் நின்றால் ஓடு. ஒரு கால் மேல்படியில் இருந்தது. மூச்சு திணறுகிறதோ, புரையேறிவிட்டதோ, ராத்தா தனியாக என்ன செய்வாரோ. ஒவ்வொன்றாகத் தலைக்குள் வந்தது. வந்த ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாகவே பார்த்தேன், நீ பார்க்கச் சொன்ன மாதிரி. புரையேறினால் இருமல் கேட்கும். இல்லை. ஏதாவது என்றால் ராத்தா கூப்பிடுவார். கூப்பிடவில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

காலை இறக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கைபேசியில் ராத்தா ஒரு படம் அனுப்பினார். அடியில் கொஞ்சம் நுரை மட்டும் மிஞ்சிய புட்டி, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் கை. கீழே ஒரு வரி: "காலி. அவசரமா ஓடி வந்து கெடுத்துராத. தூங்கட்டும்."

படியில் உட்கார்ந்து சிரித்தேன். அழுகையும் வந்தது, ஆனால் சிரித்ததுதான் அதிகம். அவன் அப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். "பால் பண்ணைய மூடிரலாமா?" என்று பதில் போட்டார்.

இப்போது வீடு அடங்கிவிட்டது. சீருடைக்கு இஸ்திரி போட்டாயிற்று. பயம் முழுக்கப் போய்விடவில்லை. நாளைக்கு மறுபடி மக்கர் பண்ணலாம், பண்ணினால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். காலையில் அவனை ராத்தா கையில் கொடுத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்க நடந்து போய்விடுவேன். திரும்பிப் பார்க்கமாட்டேன். வேனில் அதே புதுக்கோட்டைக்காரர்தான் இன்னும். முன் இருக்கையை எனக்குத் தருவாரோ என்னவோ.

உன் ஊக்குகளை நாளைக்கும் மாட்டிக்கொண்டுதான் போவேன். மேனேஜர் என்ன சொன்னாலும் சரி. வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாய். வாங்க வரவில்லை. ஆகவே அவை என் கழுத்தில் கிடக்கட்டும். லேனில் சத்தம் நின்றால் உன்னை மாதிரியே முதல் ஆளாக ஓடுவேன். வீட்டில் சத்தம் நின்றால் உட்கார்ந்திருக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன். இந்த இரண்டாவதைப் பார்க்க நீ இருந்திருந்தால், "பாரும், மதுரைக்காரிக்குப் பொறுமை வந்திட்டுது" என்று என்னைத் துளைத்தெடுத்திருப்பாய். துளைத்துக்கொள்ளடி. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.